பெயர்கள் ஒன்று, ஆட்கள் வேறு: ஒரு கடற்கரைக் குடும்பத்தின் கொடிவழி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை மேடையேற்றியபோது சங்கச் செயலாளர், "கப்பல் என்ஜினைப் பற்றி ஏதாவது பேசுங்க தம்பி" என்றுதான் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ஜினைப் பற்றிப் பேசினால் என்ன நடக்கும் என்பது கடைசி பெஞ்சில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா? அதனால் வேறு ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு வாங்கிக் கொண்டேன். என் குடும்பத்தைத் தேடிய கதை அது. என் குடும்பக் கதை உங்களுக்கு எதற்கு என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், உங்கள் வீட்டுக் கதையும் இதற்குள் எங்காவது இருக்கும்.

2017ல் வேலை விஷயமாக ஏழு மாதம் போலந்து நாட்டில், கிடான்ஸ்க் துறைமுக நகரத்தில் இருந்தேன். என்னோடு வேலை பார்த்த போலந்துக்காரர் ஒருவர் சனிக்கிழமை ஆனால் ஒரு பையைத் தூக்கிக் கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடுவார். தன் குடும்பத்தின் ஒன்பது தலைமுறையைத் தேடி எடுத்து வைத்திருந்தார். அது லேசான காரியம் இல்லை. 1772, 1793, 1795 என்று மூன்று தடவையாக அந்த நாட்டை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என மூன்று அரசுகள் பங்கு போட்டுக் கொண்டன. மறுபடி அது தனி நாடானது 1918ல்தான். அவருடைய ஊர் ரஷ்யாவின் பங்கில் விழுந்த ஊர். பழைய கோவில் பதிவேடு லத்தீனில் இருக்கும். 1808க்குப் பிறகு போலிஷ் மொழியில் இருக்கும். 1868லிருந்து ரஷ்ய மொழியில் எழுது என்று உத்தரவு. ஒரே ஊர், ஒரே குடும்பம், மூன்று மொழி. பாட்டனுடைய பெயரை ஒரு எழுத்தில் படிப்பார், பேரனுடைய பெயரை வேறு எழுத்தில் படிப்பார்.

ஒருநாள் அவர் என்னிடம், "என் பாட்டியின் தங்கை சின்ன வயதில் உங்கள் நாட்டில்தான் இருந்தாள், தெரியுமா?" என்றார். இரண்டாம் உலகப் போரில் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட போலந்துக் குடும்பங்களில் பல ஈரான் வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. 1942ல் ஜாம்நகர் மகாராஜா பாலாச்சடியில் குழந்தைகளுக்கு இடம் கொடுத்தார். 1943லிருந்து கோலாப்பூர் பக்கம் வலிவடேயில் ஒரு பெரிய முகாமே இருந்தது. ஐயாயிரம் பேர் வரை அங்கே இருந்தார்கள். அந்த அம்மாள் வலிவடேயில் வளர்ந்தவர். இதைச் சொல்லிவிட்டு அவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "நீ எந்த ஊர்? உன் குடும்பம் எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறது?"

நான் தூத்துக்குடிக்காரன், பரதவர் வீட்டுப் பிள்ளை. முத்துக்குளித்துறையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் என் தாத்தாவின் அப்பா பெயருக்கு மேல் எனக்கு ஒரு பெயரும் தெரியாது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்ததும் தேட ஆரம்பித்தேன். இரண்டே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து வருடம் ஆயிற்று.

முதல் இடைஞ்சல் எங்கள் பெயர்கள். 1530களில் நம் கடற்கரையில் பரதவர்கள் மொத்தமாக மதம் மாறினார்கள். கடலில் எதிரிகள் தொல்லை, முத்துக்குளிப்பில் போட்டி. போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டுப் போனார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள். புனித சவேரியார் இங்கே வந்தது அதற்குப் பிறகு, 1542ல். பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது, மிராண்டா என்று போர்த்துக்கீசியப் பெயர்கள் அப்படித்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தன. அதனால் ஒரு பர்னாந்துவுக்கும் இன்னொரு பர்னாந்துவுக்கும் இரத்த சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு தெருவுக்கே ஒரு பெயர்! தபால்காரரைக் கேட்டால் அவர் கஷ்டம் தெரியும்.

இரண்டாவது இடைஞ்சல், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது. பேரன் என்கிற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே. ஒரு பதிவேட்டில் பத்து வருடத்துக்குள் ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர் உள்ள நான்கு பையன்களைப் பார்த்தேன். இதில் யார் நம்ம ஆள்?

மூன்றாவது, மொழி. வீட்டில் இராயப்பன் என்று கூப்பிட்ட பிள்ளையை லத்தீனில் எழுதும் சாமியார் 'பேத்ருஸ்' என்று எழுதியிருப்பார். போர்த்துக்கீசியர் கையில் அவர் 'பெத்ரு'. பள்ளிக்கூடத்தில் 'பீட்டர்'. சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் யோவான், சூசை என்றால் யோசேப்பு, முடியப்பன் என்றால் ஸ்தேவான். சந்தியாகுவும் யாகப்பனும் ஒரே பெயர். இதற்கு நானே ஒரு அட்டவணை போட்டுக் கொண்டேன். போலந்து நண்பர் சனிக்கிழமைதோறும் என்ன பாடுபட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

அது போதாதென்று ஆட்சிகள் வேறு மாறி மாறி வந்தன. 1658ல் தூத்துக்குடியை டச்சுக்காரர் பிடித்தார்கள். கடைசியாக 1825ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஊரில் கோவில் நிர்வாகமும் நெடுநாள் ஒன்றாக இருக்கவில்லை. போர்த்துக்கீசிய அரசரின் ஆதரவில் இயங்கிய குருக்கள் ஒரு பக்கம், உரோமையிலிருந்து நேரடியாக அனுப்பப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். தனி மறைமாவட்டம் வந்ததே 1923ல்தான். இந்தப் பிரிவினையில் அண்ணனுக்கு ஞானஸ்நானம் ஒரு கோவிலில், தம்பிக்கு இன்னொரு கோவிலில் என்று நடந்திருக்கும். ஒரு பதிவேட்டில் இல்லை என்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எங்கள் சாதித் தலைவர் குடும்பத்துக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. பாண்டியபதி என்று பட்டம் கட்டிக்கொண்டு பரம்பரையாக வந்தவர்கள். யாருக்குப் பின் யார் என்று வரிசை எழுதி வைத்திருக்கிறார்கள். பனிமய மாதா கோவிலின் தங்கத் தேர் 1806ல் முதலில் ஓடியது அப்படி ஒரு தலைவர் காலத்தில்தான். தலைவர் பெயர் எழுத்தில் இருக்கிறது. சரி, முத்துப் பாரில் மூச்சைப் பிடித்துக் கொண்டு இறங்கினவன் பெயர் எங்கே இருக்கிறது? தோணியில் அவன் கயிற்றைப் பிடித்துக் கொண்டு நின்றவன் பெயர் எங்கே? அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கூடப் பிறந்தவள் தாலிக்காகவாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்று ஒரு கணக்கு! எங்கள் கரையில் உறவு என்பதற்கு அந்தக் கயிறுதான் பொருள். அந்தப் பெயர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கின்றன. அதையும் உப்புக் காற்றும் கரையானும் தின்று கொண்டிருக்கின்றன.

இங்கே நம் கல்லூரியை நினைக்காமல் இருக்க முடியாது. முதல் வருட ஆய்வகத்தில் நான் ஒரு ரீடிங்கை அடித்துவிட்டு, பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து 'சரியான' எண்ணை எழுதினேன். எங்கள் பேராசிரியர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏலே, தப்பான ரீடிங்கும் ரீடிங்தாம்லே. அதை அடிக்காதே. சந்தேகம்னா ஓரத்துல எழுது" என்றார். நான் படித்த பாடங்களில் இன்று வரை முழுசாக ஞாபகம் இருப்பது அந்த ஒரு வரிதான்.

எங்கள் வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. முதல் கதை, "நம்ம பரம்பரை தோணி முதலாளி பரம்பரை." இரண்டாவது கதை, என் பாட்டியின் அண்ணனைப் பற்றியது. அவர் 1946ல் பிழைப்புக்காகக் கொழும்புக்குப் போனார். அந்தக் காலத்தில் நம் ஊருக்குக் கொழும்பு என்பது அடுத்த தெரு மாதிரி. புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. மாதம் தவறாமல் கடிதம், பணம். 1951ல் எல்லாம் நின்றுவிட்டது. "அங்க ஒரு சிங்களத்தியக் கட்டிக்கிட்டு நம்மள மறந்துட்டான்" என்பதுதான் வீட்டில் சொன்ன கதை. பாட்டி அவர் பெயரையே எடுக்க மாட்டாள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் நான்கு என்பாள். ஐந்து பேர்.

முதல் கதையைப் பதிவு அலுவலகம் உடைத்தது. 1911ம் வருடத்து அடமானப் பத்திரம் ஒன்றின் நகல் கிடைத்தது. பத்திரத்தில் சும்மா பெயர் மட்டும் எழுத மாட்டார்கள் பாருங்கள். இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன தொழில் என்று எழுதுவார்கள். என் தாத்தாவின் பாட்டனார் என்று நாங்கள் கொண்டாடிய தோணி முதலாளியின் பெயருக்கு நேரே 'தொழில் சங்கு குளி' என்று எழுதியிருந்தது. பாட்டியும் தாத்தாவும் சொந்தத்தில் கட்டியவர்கள். அவர் இரண்டு பேருக்கும் பொதுப் பாட்டனார். அடமானம் வைத்தது இருந்த ஒரே குடிசை மனையை.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு இரண்டு தடவை படித்தார். "இதை வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார். அப்பா இதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். எட்டுப் பாகம் ஆழத்தில் ஒற்றை மூச்சில் சங்கைத் தேடி எடுத்து வந்த மனுசன் அவர். ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்று சொல்கிற நான், அவரை முதலாளி ஆக்கித்தான் பெருமைப்பட வேண்டுமா?

இரண்டாவது கதையை ஒரு ஓரக் குறிப்பு உடைத்தது. இதைத் தம்பி தங்கைகள் கவனமாகக் கேட்க வேண்டும். 1907ல் உரோமையிலிருந்து ஒரு ஆணை வந்தது, 1908 ஈஸ்டரிலிருந்து அமல். ஒருவருக்குக் கலியாணம் உலகத்தில் எந்தக் கோவிலில் நடந்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அங்கே அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறித்து வைக்க வேண்டும். அதாவது, ஊரை விட்டுப் போனவன் எங்கே கரை ஏறினான் என்று அவன் பிறந்த பக்கத்திலேயே ஒரு துப்பு இருக்கும்.

பாட்டியின் அண்ணன் பிறந்தது 1923. பங்குச் சாமியார் அனுமதி கொடுத்தார், உபதேசியார் பக்கத்தில் இருந்து புரட்டிக் காட்டினார். அதே பெயரில் மூன்று பேர். தாய் பெயரையும் ஞானத்தாய் பெயரையும் வைத்துத்தான் ஆளைப் பிடித்தேன். பெண்கள் பெயரை எழுதி வைத்திருக்காவிட்டால் தேடல் அங்கேயே முடிந்திருக்கும். பதிவின் ஓரத்தில் பொடி எழுத்தில், மங்கின மையில் ஒரு வரி: 1952 ஜனவரி, கொழும்பு, கோவிலின் பெயர், பெண்ணின் பெயர். அவள் சிங்களப் பெண் இல்லை. எங்கள் கரைப் பெயர்தான்.

கொழும்புக்குக் கடிதம் எழுதினேன். இடையில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2022ல் பதில் வந்தது. கலியாணச் சான்றிதழ் நகலில் பெண்ணின் ஊர் வீரபாண்டியன்பட்டினம். தகப்பனார் தொழில் சங்கு குளி. கூடவே இன்னொரு தாள். 1953 நவம்பரில் மரணம், வயது 30, காய்ச்சல். அதே வருடம் பிறந்த ஒரு பெண் குழந்தை.

மறந்து போகவில்லை ஐயா. செத்துப் போயிருக்கிறார்.

இதைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு அப்போது 88 வயது. அப்பாவும் நானும் ஒரு வாரம் யோசித்தோம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தாளைக் கையில் வைத்துக் கொண்டு மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டாள்: "அப்போ நான் எழுபது வருசமா செத்த மனுசன்கிட்டயா கோவிச்சுக்கிட்டுக் கெடந்தேன்?"

அன்று இரவு அவளே என்னைக் கூப்பிட்டாள். "ஏய்யா, ஒண்ணு சொல்லுதேன். அண்ணன்கிட்ட இருந்து கடைசியா ஒரு காயிதம் வந்துச்சு. ஒரு பொண்ணப் பாத்திருக்கேன், சம்மதம் குடுங்கன்னு எழுதியிருந்தான். குளியாளி மகளான்னு கேட்டு எங்கப்பா அதக் கிழிச்சு அடுப்புல போட்டாரு. நான் அடுப்படியில நின்னு பாத்தேன். எனக்குப் பதினேழு வயசு. அதுக்கப்புறம் வந்த காயிதத்த யாரும் பிரிக்கவே இல்ல."

அப்போதுதான் 1911ம் வருடத்துப் பத்திரம் எனக்கு ஞாபகம் வந்தது. பெண் வீட்டார் குளியாளி என்று மகன் கடிதத்தைக் கிழித்தவரின் தகப்பனார்தான் அந்தப் பத்திரத்தில் இருக்கிறார். தொழில் சங்கு குளி. 'தோணி முதலாளி' என்று ரீடிங்கை மாற்றி எழுதியதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை ஒரு மகன். சிங்களத்தி என்ற கதையும் அதை மூடி மறைக்க வந்ததுதான். அந்தக் கயிற்றைக் கடல் அறுக்கவில்லை, பிடித்திருந்த கைதான் விட்டுவிட்டது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த மேடையில் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடிவழி தேடுவது ராஜா வம்சம் என்று நிரூபிப்பதற்கு என்று நினைத்தால் தேடாமலே இருக்கலாம். விடுபட்டுப் போனவரைத் திரும்ப எண்ணிக்கையில் சேர்ப்பதற்கு என்றால், இன்றே தேட வேண்டும்.

கொழும்புச் சாமியார் உதவியால் அந்தப் பெண் குழந்தையைத் தேடிப் பிடித்தோம். குழந்தை என்றா சொன்னேன், அவருக்கு எழுபது வயது. 2023 ஆகஸ்டு 5ம் தேதி தங்கத் தேர் ஓடியதே, அதற்கு மகனோடு வந்தார்கள். இலங்கையில் எங்களவரை மக்கள்தொகைக் கணக்கிலேயே 'பரதர்' என்று தனி இனமாக எழுதுகிறார்கள் என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாசலில் சக்கர நாற்காலியில் பாட்டி. அவர்கள் குனிந்து, "அத்தை" என்றார்கள். பாட்டி அவர்கள் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூக்கு அண்ணன் மூக்கு" என்றாள். இப்போது யார் கேட்டாலும் கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர் என்றுதான் சொல்கிறாள்.

தம்பி தங்கைகளுக்கு நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் காகிதத்தைத் தேடாதீர்கள், ஆட்களைத் தேடுங்கள். காகிதம் இன்னும் பத்து வருடம் இருக்கலாம். உங்கள் பாட்டி இருப்பாளா? அவளிடம் வருடம் கேட்டால் தெரியாது. புயல் அடித்த வருசமா, துறைமுகம் திறந்த வருசமா என்று கேளுங்கள். நம் பெரிய துறைமுகம் திறந்தது 1974 ஜூலை. கடைசியாக அரசாங்க முத்துக்குளிப்பு நடந்தது 1961. இப்படி ஊருக்குத் தெரிந்த ஆணிகளில் மாட்டிக் கேட்டால் வயது தானே வெளியே வரும். இரண்டு மூன்று வருடம் கூடக் குறைய இருக்கும், அந்த டாலரன்ஸ் பரவாயில்லை.

அடுத்து, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போங்கள். எவரோ ஒரு பெரிய மனிதரிடமிருந்து கீழே இறங்கி வராதீர்கள். உங்களிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். பெண்களின் பெயரை விடாதீர்கள். பட்டப்பெயரையும் விடாதீர்கள், ஒரே பெயர் உள்ள பத்துப் பேரைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

குலதெய்வக் கோவில் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் தலைக்கட்டு வரி நோட்டைப் பாருங்கள். யார் யார் பங்காளி என்று அதில் இருக்கும். பழைய கிரயப் பத்திரத்தின் நான்கு எல்லையைப் படியுங்கள். பக்கத்து மனைக்காரர் பெரும்பாலும் சித்தப்பனாக இருப்பார். காயல்பட்டினத்துத் தம்பிகளுக்குப் பள்ளிவாசல் ஏடுகளும் கல்லறைக் கல்வெட்டுகளும் உண்டு. கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று போனவர்கள் இல்லாத வீடு இந்த ஜில்லாவில் குறைவு.

எதைக் கண்டுபிடித்தாலும் உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு வெளியே சொல்லுங்கள். அது அவர்கள் வாழ்க்கை. கண்டதை மாற்றி மட்டும் எழுதாதீர்கள். சந்தேகம் என்றால் ஓரத்தில் எழுதுங்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் தன் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, நான்கு பக்கம் எழுதிக் கொண்டு வாருங்கள். நூறு பேர் கொண்டு வந்தால் நானூறு பக்கம். கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரி போதும்.

போலந்து நண்பருக்கு இந்த முழுக் கதையையும் எழுதி அனுப்பினேன். 'எத்தனை தலைமுறை கிடைத்தது?' என்று கேட்டிருந்தார். ஆறு என்று எழுதினேன். அவருடைய ஒன்பதுக்கு அது குறைவுதான். ஆனால் அந்த ஆறில் ஒருவரும் விடுபடவில்லை என்று சேர்த்து எழுதினேன்.

இவ்வளவு நேரம் தூங்காமல் கேட்ட உங்களுக்கும், அன்று என் நோட்டைத் திருப்பிக் கொடுத்த என் பேராசிரியருக்கும், நோட்டைக் காட்டி உதவிய பக்கத்துப் பையனுக்கும் (அவன் இன்று இரண்டாவது வரிசையில் சிரித்துக் கொண்டிருக்கிறான்) நன்றி.